கிஃப்ட் பேக்: மேலே சுற்றுவதா, உள்ளே வைப்பதா?

“அண்ணா, கிஃப்ட் பேக் பண்ணி அனுப்புவீங்களா? பில்லை மட்டும் உள்ள வச்சிடாதீங்க.”

இப்படி ஒரு செய்தி எங்கள் கடை வாட்ஸ்அப்பில் வராத வாரம் இல்லை. நானும் என் தங்கையும் பாளையங்கோட்டையில் வீட்டு முன்னறையை வைத்துக்கொண்டு மரச் சொப்புச் சாமான் விற்கிறோம். அம்பாசமுத்திரம் பக்கத்துப் பட்டறைகளில் கடைசல் பிடித்து, அரக்குச் சாயம் ஏற்றி வரும் அடுப்பு, குடம், உரல், அம்மி, திருகை. வாங்குகிறவர்களில் தமக்கென்று வாங்குகிறவர்கள் குறைவு. அத்தை மருமகளுக்கு அனுப்புகிறார், தாத்தா பேத்திக்கு அனுப்புகிறார், பெங்களூருவில் இருக்கிற சித்தி தென்காசியில் இருக்கிற குழந்தையின் முதல் பிறந்தநாளுக்கு அனுப்புகிறார். ஆகவே கிஃப்ட் பேக் என்பது எங்களுக்கு மேல் அலங்காரம் அல்ல, வியாபாரத்தின் பாதி அதுதான்.

இருக்கிற வழிகளில் பெரும்பாலானவற்றைச் செய்து பார்த்துவிட்டோம். சிலவற்றில் கை சுட்டது. சின்ன ஆன்லைன் கடை வைத்திருப்பவர்கள் இந்தச் சேவையைத் தொடங்கலாமா, எப்படித் தொடங்கலாம் என்று யோசிக்கும்போது உதவட்டும் என்று கணக்கோடு எழுதுகிறேன். ரூபாய்க் கணக்கெல்லாம் எங்கள் கடையில் அதிகம் போகும் ஒரே செட்டை வைத்துப் போட்டது: விலை 650, பெட்டியின் அளவு 20 × 15 × 8 சென்டிமீட்டர், எடை 420 கிராம். உங்கள் பொருளுக்கு எண்கள் மாறும். கணக்குப் போடும் முறை மாறாது.

வாங்குகிறவர் உண்மையில் கேட்பது என்ன

“கிஃப்ட் பேக்” என்று கேட்கிறவரிடம் இரண்டு நிமிடம் பேசிப் பார்த்தால், பேப்பரைப் பற்றிய பேச்சு கடைசியில்தான் வரும். முதலில் வருவது பில். எவ்வளவுக்கு வாங்கினேன் என்று தெரியக்கூடாது. அடுத்தது பெயர். யார் அனுப்பியது என்று பிரித்தவுடன் தெரியவேண்டும். மூன்றாவது நாள். பதினெட்டாம் தேதி பிறந்தநாள், அதற்குள் போய்ச் சேருமா?

இந்த மூன்றுக்கும் வண்ணப் பேப்பரோ ரிப்பனோ தேவையில்லை. ஆகவே கிஃப்ட் பேக் வைக்கலாமா வேண்டாமா என்று முடிவெடுப்பதற்கு முன்பே இவற்றைச் சரிசெய்துவிடலாம், கூடுதல் செலவே இல்லாமல்.

பில்லை வாங்கியவருக்கு வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ அனுப்பிவிடுங்கள். ஜிஎஸ்டி சட்டத்தின் பார்வையில் ‘பெறுநர்’ என்பவர் பணம் கொடுக்கக் கடமைப்பட்டவர். பார்சலைப் பிரிக்கிற குழந்தை அல்ல. அசல் பில் பணம் கொடுத்தவருக்குப் போவதுதான் முறை. பார்சலோடு போகவேண்டிய நகலை எப்படி அனுப்புவது என்பதை உங்கள் ஆடிட்டரிடமும் கூரியர்காரரிடமும் ஒருமுறை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். லேபிளில் தொகை அச்சாகிறதா என்பதையும் பாருங்கள். பல ஷிப்பிங் தளங்களில் அதை மறைக்கிற வசதி இருக்கிறது. அதைத் தேடிப் பார்க்காமலே நாங்கள் நாள் கடத்தியிருக்கிறோம்.

எம்ஆர்பி ஸ்டிக்கர் வேறு விஷயம். “அதைச் சுரண்டி எடுத்துடுங்க” என்று சிலர் கேட்பார்கள். பொட்டலப் பொருட்களுக்கான 2011ஆம் ஆண்டு விதிகளின்படி, அச்சிட்ட விலையை விற்கிறவர் அழிக்கவோ மாற்றவோ கூடாது. இதை வாங்குகிறவரிடம் நேராகச் சொல்லிவிடுகிறோம். கோபித்துக்கொண்டு போனவர் யாருமில்லை.

கிஃப்ட் ஆர்டருக்கு கேஷ் ஆன் டெலிவரி கூடவே கூடாது. பரிசைக் கொண்டுவந்த கூரியர் பையன் வாசலில் நின்று பாட்டியிடம் 700 ரூபாய் கேட்டால் அது பரிசாக இருக்குமா? எங்கள் ஆர்டர் படிவத்தில் ‘இது வேறொருவருக்கு’ என்று குறித்தால் முன்கூட்டியே பணம் கட்டும் வழி மட்டுமே வரும்படி செய்திருக்கிறோம். எந்தத் தொலைபேசி எண்ணை லேபிளில் போடுவது என்பதும் கேட்கவேண்டிய கேள்விதான். வாங்குகிறவர் எண்ணைப் போட்டால் டெலிவரி நேரத்தில் அழைப்பும் ஓடிபியும் அவருக்கு வரும், அவர் மீட்டிங்கில் இருப்பார். பெறுகிறவர் எண்ணைப் போட்டால் பார்சல் சேரும் முன்பே ரகசியம் உடையும். இரண்டில் எது என்று வாங்குகிறவரே முடிவு செய்யட்டும் என்று விட்டுவிட்டோம்.

நாளைப் பற்றி ஒரே ஒரு வாக்குறுதிதான் தருகிறோம்: எந்தத் தேதியில் எங்கள் வாசலைவிட்டுக் கிளம்பும் என்பது. போய்ச் சேரும் தேதி எங்கள் கையில் இல்லை.

இவ்வளவையும் செய்து, கூட ஒரு வாழ்த்து அட்டையும் வைத்துவிட்டால், ‘கிஃப்ட் பேக் கிடையாது’ என்று சொல்லும் கடையும் பரிசு அனுப்ப ஏற்ற கடைதான். ஒரு ஆளாக நடத்தும் கடை என்றால் முதல் ஆறு மாதம் இங்கேயே நின்றுகொள்ளுங்கள் என்பேன். பெருமை குறைந்துபோகாது.

எல்லாருக்கும் இலவசமாக

அடுத்த வழி, வருகிற எல்லா ஆர்டரையும் அழகாகப் பொதிந்து அனுப்புவது. பெட்டியைத் திறந்ததும் டிஷ்யூ பேப்பர், ஸ்டிக்கர், நன்றி அட்டை. இன்ஸ்டாகிராமில் வீடியோ போடுகிறவர்களுக்கு இது பிடிக்கும். பார்சலில் எது யாருக்கு என்று பிரித்துப் பார்க்கும் வேலையும் இல்லை. எல்லாம் ஒரே மாதிரி போகும், தவறு நடக்காது.

ஆனால் இலவசம் என்பது விலைக்குள் ஒளிந்திருக்கிற காசு. தன் மகளுக்கே வாங்கும் அம்மாவும் அதைக் கொடுக்கிறார். அச்சடித்த பெட்டி வேண்டுமென்றால் சிவகாசியில் அச்சகத்தார் 500, 1000 என்று மொத்தமாகத்தான் எடுப்பார்கள். அவ்வளவு பெட்டியை வைக்க எங்கள் முன்னறையில் இடம் ஏது? அதோடு பெட்டியின் அளவு ஒன்றாகிவிட்டால் அதற்குள் அடங்குகிற பொருளை மட்டுமே விற்கத் தோன்றும். பெரிய திருகை செட் வந்தபோது அச்சடித்த பெட்டிகள் எல்லாம் ஓரமாக அடுக்கப்பட்டதைத் தெரிந்த ஒருவரின் கடையில் பார்த்தேன். அதன் பிறகு அந்தப் பக்கம் நாங்கள் போகவில்லை. இலவசமாகத் தருவதென்றால் அட்டை ஒன்று போதும். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

பேப்பர் சுற்றல்: கணக்கு எங்கே உதைக்கிறது

எல்லாரும் முதலில் நினைப்பது இதைத்தான். ஆர்டர் போடும் இடத்தில் ஒரு கட்டம். டிக் செய்தால் 40 ரூபாய். நாங்களும் அப்படித்தான் ஆரம்பித்தோம். 40 என்று எப்படி முடிவு செய்தோம் என்று இன்று கேட்டால், பேப்பர் விலையை மட்டும் பார்த்தோம் என்பதுதான் பதில்.

பேப்பர் உண்மையிலேயே மலிவு. 50 × 70 சென்டிமீட்டர் தாள் ஒன்றில் எங்கள் பெட்டி இரண்டைச் சுற்றலாம். அகலமும் உயரமும் சேர்ந்த சுற்றளவு (15 + 8) × 2 = 46. ஒட்ட மூன்று சென்டிமீட்டர் விட்டால் 49. நீளவாக்கில் பெட்டியின் 20, இரண்டு பக்கமும் மடிக்க ஆறு ஆறு, ஆக 32. தாளை நடுவில் வெட்டினால் 50 × 35 துண்டு இரண்டு கிடைக்கிறது, அளவெடுத்தது போல. மொத்தக் கடை விலையில் ஒரு பெட்டிக்கு 7 ரூபாய்ப் பேப்பர். குறுக்கும் நெடுக்குமாகக் கட்ட, முடிச்சோடு சேர்த்து ஒன்றரை மீட்டர் ரிப்பன், 5 ரூபாய். டேப் 2, அட்டை 4. ஆக 18. “நாப்பது வாங்கினா பாதிக்கு மேல லாபம்” என்று தங்கையிடம் நானே சொன்னேன்.

இனி, விட்டுப்போனவை. ஒரு பெட்டியை ஒழுங்காகச் சுற்ற, மூலை மடித்து, டேப் தெரியாமல் ஒட்டி, ரிப்பன் கட்ட 12 நிமிடம். உதவிக்கு வரும் அக்காவுக்கு நாள் சம்பளம் 450 என்றால், எட்டு மணி நேர வேலையில் 12 நிமிடத்துக்கு 11 ரூபாய். சுற்றிய பெட்டியை அப்படியே கூரியரில் போட முடியாது, பேப்பர் கிழிந்து அலங்கோலமாகப் போய்ச் சேரும். வெளியே இன்னொரு அட்டைப்பெட்டி வேண்டும், 8 ரூபாய். இங்கேதான் பெரிய செலவு வந்து உட்காருகிறது: கொள்ளளவு எடை.

கூரியர்காரர்கள் தராசு எடையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலும் 5000ஆல் வகுக்கிறார்கள். அந்த எண்ணுக்கும் தராசு எடைக்கும் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். எங்கள் பெட்டி 20 × 15 × 8 = 2400; 5000ஆல் வகுத்தால் 0.48 கிலோ. அரைக் கிலோ ஸ்லாபுக்குள், அதாவது அரை அரைக் கிலோவாக ஏறும் கட்டணப் படிகளில் முதல் படிக்குள், அடங்கிவிடுகிறது. சும்மா அடங்கவில்லை, அப்படி அடங்கும்படி பெட்டி அளவைத் தேடி எடுத்தோம்.

சுற்றிய பிறகு வெளிப்பெட்டி 22 × 17 × 10. பெருக்கினால் 3740, அதாவது 0.75 கிலோ. ஒரு கிலோ ஸ்லாபுக்குப் போய்விட்டது. ரிப்பனில் பூ வைத்துக் கட்டியிருந்தால் அது நசுங்காமல் இருக்க 24 × 18 × 12 பெட்டி வேண்டும். 5184. ஒரு கிலோவையும் தாண்டி ஒன்றரைக் கிலோ ஸ்லாப்! 420 கிராம் பொருளுக்கு ஒன்றரைக் கிலோவுக்கான கட்டணம். எங்கள் ஒப்பந்தத்தில் ஒவ்வொரு அரைக் கிலோவுக்கும் சுமார் 35 ரூபாய் ஏறும். ரிப்பன் பூ ஒன்றுக்காக மட்டும் 35 ரூபாய்.

கூட்டிப் பார்த்தால் தட்டையாகக் கட்டிய பேக்குக்கு 18 + 11 + 8 + 35 = 72. பூ வைத்துக் கட்டினால் 107. நாங்கள் வாங்கியது 40. ஒரு நவராத்திரி முழுக்க இப்படி அனுப்பிவிட்டுத்தான் கூரியர் பில்லைப் பார்த்து விழித்தோம். எடை தவறு என்று புகார் போடப் போய், தவறு எங்கள் பெட்டியில் என்று தெரிந்து திரும்பினோம்.

இதனால் பேப்பர் சுற்றலே தப்பு என்று சொல்லவில்லை. சின்னப் பொருளுக்கு அதுதான் சரி. சுடுமண் கம்மல் பெட்டி 10 × 8 × 3 என்று வைத்துக்கொள்ளுங்கள். கொள்ளளவு எடை 50 கிராம்கூட வராது. சுற்றி, பூ வைத்து, வெளிப்பெட்டியில் போட்டாலும் அரைக் கிலோவுக்குள் தாராளமாக இடம் இருக்கும். புடவையும் அப்படித்தான், தட்டையாக இருப்பதால் பேப்பர் சுற்றினாலும் பருமன் கூடுவதில்லை. புத்தகம் அதைவிட எளிது. ஆக, முடிவெடுக்கும் முன் பார்க்கவேண்டியது பேப்பர் விலையை அல்ல. உங்கள் பெட்டிக்கும் அடுத்த ஸ்லாபுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்பதை. இடைவெளி அதிகமென்றால் தாராளமாகச் சுற்றுங்கள். எங்களைப் போல விளிம்பில் நிற்கிறவர்கள் யோசிக்க வேண்டும்.

என்ன பேப்பர் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பழுப்பு நிற கிராஃப்ட் பேப்பரும் சணல் கயிறும் இப்போது நாகரிகம். பெங்களூரு சித்திக்குப் பிடிக்கும். அதையே ஒரு கல்யாண வீட்டுக்கு அனுப்பினால் பெரியவர்கள் “மளிகைக் கடைப் பொட்டலம் மாதிரி இருக்கே” என்பார்கள், அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மங்கல காரியத்துக்கு மஞ்சள், சிவப்பு, பச்சை இருக்கவேண்டும் என்பது நம் பழக்கம். கறுப்பும் தங்கமும் கலந்த தாள் படத்தில் எடுப்பாக இருக்கும், வளைகாப்புக்கு அனுப்ப முடியாது. மினுமினுப்புத் தாள்களில் பலவும் பேப்பரே அல்ல, பிளாஸ்டிக் பூசியவை. கையில் கசக்கிப் பாருங்கள். கசங்கியபடியே இருந்தால் பேப்பர், விரிந்து எழுந்தால் பிளாஸ்டிக். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதலே தடை இருக்கிறது. 2022 ஜூலை 1இல் வந்த நாடு தழுவிய தடைப் பட்டியலில் இனிப்புப் பெட்டி, அழைப்பிதழ் மேல் சுற்றும் பிளாஸ்டிக் படலமும், அலங்காரத் தெர்மாகோலும் உண்டு. சீர்வரிசைத் தட்டின் மேல் சுற்றும் கண்ணாடிப் பேப்பர் அழகுதான். நாங்கள் அதைத் தொடுவதில்லை.

இரண்டு சின்ன வழிகள்

சுற்றாமல், சுற்றுவதற்கான பேப்பர், ரிப்பன், அட்டை மூன்றையும் செட்டாகப் போட்டு அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். வாங்குகிறவர் வீட்டுக்கே பார்சல் போய், அவர் கையால் கொடுக்கப்போகிறார் என்றால் இது நல்ல யோசனை. நேரடியாகப் பெறுகிறவர் வீட்டுக்குப் போகிற பார்சலுக்கு ஒன்றும் உதவாது. பேப்பரை மடித்து வைத்தால் மடிப்புக் கோடு விழும், சுருட்டினால் குழாய் வேண்டும். எங்கள் ஆர்டர்களில் பெரும்பாலானவை நேராகப் போகிறவை என்பதால் விட்டுவிட்டோம்.

ஊரில் உள்ள ஃபேன்ஸி ஸ்டோரில் கொடுத்துச் சுற்றி வாங்குவது இன்னொன்று. மாதம் நாலைந்து ஆர்டர் வருகிறவர்களுக்குப் போதும். கை தேர்ந்தவர்கள், ஐந்து நிமிடத்தில் முடித்துத் தருவார்கள். ஆனால் கொண்டுபோய்க் கொடுத்து, காத்திருந்து, வாங்கி வருகிற நேரம் உங்களுடையது. தீபாவளி நெருங்கும்போது அவர்களுக்கே கூட்டம் தாங்காது.

உள்ளே வைக்கும் பை

அந்த நவராத்திரிக் கணக்கைப் பார்த்துவிட்டு, தங்கைதான் கேட்டாள்: “ஏன் மேலேயே சுத்துறோம்? உள்ள ஒரு பைக்குள்ள போட்டா என்ன?”

பருத்தித் துணியில் சுருக்குப் பை. சொப்புகளை ஒவ்வொன்றாக டிஷ்யூவில் மடித்து, பைக்குள் போட்டு, நூலை இழுத்து முடிச்சிட்டு, அதே 20 × 15 × 8 பெட்டிக்குள் வைக்கிறோம். முன்பு இடைவெளியை அடைக்கப் போட்ட காகிதத் துண்டுகளில் பாதி இப்போது தேவையில்லை, துணியே மெத்தை போல இருந்துகொள்கிறது. பெட்டி அளவு மாறவில்லை. ஆகவே கொள்ளளவு எடையும் மாறவில்லை. தராசு எடை 30, 40 கிராம் கூடினாலும் 500ஐத் தொடவில்லை.

பைக்கு 32 ரூபாய், அட்டைக்கு 4, மூன்று நிமிட வேலைக்கு 3. மொத்தம் 39. அறுபது ரூபாய் வாங்குகிறோம், கையில் 21 நிற்கிறது. பேப்பரில் 72 செலவழித்து 40 வாங்கியதோடு வைத்துப் பாருங்கள்.

பணத்தைவிட நேரம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. கொலு சமயத்தில் ஒரு நாளைக்கு 25 கிஃப்ட் ஆர்டர் வந்தால், பேப்பருக்கு ஐந்து மணி நேரம், பைக்கு ஒன்றே கால் மணி நேரம். மூலை கோணலாகிவிட்டது என்று பிரித்து மறுபடி சுற்றும் வேலையும் இல்லை. புதிதாக வந்தவரும் முதல் நாளே செய்துவிடலாம்.

பைக்கு இன்னொரு பயன் இருப்பதை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. சொப்பு விளையாட்டில் முதலில் தொலைவது சின்னக் கரண்டியும் மூடியும்தான். விளையாடி முடித்ததும் எல்லாவற்றையும் போட்டு வைக்க ஒரு பை இருந்தால் அம்மாக்களுக்கு நிம்மதி. கிஃப்ட்டாக இல்லாமல் தமக்கென்று வாங்குகிறவர்களும் பையை டிக் செய்கிறார்கள். கிழித்துப் போடுகிற பேப்பர் இப்படி வேலை செய்யுமா?

நிறம் மஞ்சள். கல்யாண வீட்டில் மணமக்கள் பெயர் அச்சடித்துத் தாம்பூலத்தோடு கொடுத்த மஞ்சள் பையைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். நடுவில் அதைப் ‘பட்டிக்காட்டுப் பை’ என்று கேலி பேசிய காலமும் இருந்தது. 2021 டிசம்பர் 23இல் தமிழக அரசு ‘மீண்டும் மஞ்சப்பை’ என்று இயக்கமாகவே தொடங்கிய பிறகு அந்தக் கூச்சம் நிறையக் குறைந்திருக்கிறது. மஞ்சளாக இருப்பதால் பிறந்தநாள், வளைகாப்பு, கிரகப்பிரவேசம் எதற்கும் பொருந்துகிறது. மூன்று நிறம் வாங்கி அடுக்கிவைக்கும் தொல்லை இல்லை. சாயம் போகிறதா என்று வாங்கும்போதே ஒரு பையை நனைத்துப் பார்த்துவிடுங்கள். மரச் சொப்பில் மஞ்சள் ஏறினால் துடைத்தாலும் போகாது.

குறையும் உண்டு. அட்டைப்பெட்டியைத் திறந்த நொடியில் ‘அட!’ என்று வாய் திறக்க வைப்பது வண்ணப் பேப்பர்தான். பை அப்படிச் செய்யாது, குழந்தை அதைப் பிடித்து இழுக்கும்போதுதான் மகிழ்ச்சி தொடங்கும். இது போதுமா என்று எங்களுக்கும் சந்தேகம் இருந்தது. பரிசு சுற்றுவதைப் பற்றிய ஆராய்ச்சிகள் இங்கே உதவின. 1992இல் டேனியல் ஹோவர்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர், சுற்றிக் கொடுத்த பொருளைப் பெறுகிறவருக்குக் கூடுதலாகப் பிடிக்கிறது என்று காட்டினார். 2020இல் நெவாடா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் இன்னொரு பக்கத்தைக் காட்டினார்கள். நெருங்கிய நண்பர்களுக்குள் மிக நேர்த்தியாகச் சுற்றிய பரிசு எதிர்பார்ப்பை ஏற்றிவிடுகிறது, உள்ளே இருப்பது அதற்கு ஈடு கொடுக்காவிட்டால் ஏமாற்றம். அரைகுறையாகச் சுற்றியதே அதிகம் பிடித்துப்போகிறது. நெருக்கமில்லாதவர்களுக்குள் இது தலைகீழ். அங்கே நேர்த்தி வேண்டும். சித்தி அனுப்புவது பையில் போகலாம், அலுவலகத்திலிருந்து வாடிக்கையாளருக்கு அனுப்புவது பையில் போகக்கூடாது என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். அலுவலக ஆர்டருக்கு மட்டும் இன்றும் பேப்பர் சுற்றுகிறோம், 110 ரூபாய்க்கு. அவர்கள் யாரும் விலை பேசியதில்லை.

ஓலைப்பெட்டி

மனசுக்குப் பிடித்த வழி எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். செட்டிநாட்டில் சீர் கொடுக்கவும் பலகாரம் வைக்கவும் பனையோலைக் கொட்டான் பின்னினார்கள். செட்டிநாட்டுக் கொட்டானுக்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. தூத்துக்குடிப் பக்கம் மணப்பாட்டில் பனையோலைப் பொருட்கள் செய்கிற பெண்கள் இருக்கிறார்கள். மரச் சொப்பை ஓலைப்பெட்டியில் வைத்தால் இரண்டும் ஒரே மண்ணின் பொருள், பார்க்கவே நிறைவாக இருக்கும்.

செலவு அதிகம். எங்கள் அளவுக்கு ஒரு பெட்டி நூறை ஒட்டி வருகிறது, கையால் பின்னுவதற்கு அது நியாயமான விலையே. பேரம் பேசிக் குறைக்க எனக்கு மனம் வரவில்லை. அளவு ஒன்றுபோல் இருக்காது, அரை சென்டிமீட்டர் கூடக் குறைய வரும், அதனால் வெளிப்பெட்டி பெரிதாகும், மறுபடியும் அதே ஸ்லாப் கதை. ஐப்பசி அடைமழையில் ஓலையில் பூஞ்சை பிடிக்கும். ஒருமுறை 30 பெட்டிகளைத் தரையில் அடுக்கி வைத்துப் பாதியை இழந்தோம். இப்போது பரணில், காற்றோட்டமாக, குறைந்த எண்ணிக்கையில் வைக்கிறோம்.

ஆகவே ஓலைப்பெட்டியை டிக் செய்யும் கட்டத்தில் வைக்காமல், ‘சீர் செட்’ என்று தனிப் பொருளாகவே பட்டியலிட்டுவிட்டோம். விலைக்குள் எல்லாம் அடக்கம். விற்றுத் தீர்ந்தால் இருப்பு இல்லை என்று தானே காட்டும். மொத்த ஆர்டர் வேண்டுமென்றால் ஒரு மாதம் முன்பே சொல்லவேண்டும், பின்னுகிறவர்களுக்கு அவகாசம் வேண்டுமே.

இப்படிப் பல பொருளைச் சேர்த்து ஒரே விலையில் விற்கும்போது வரிப் பக்கம் ஒரு எச்சரிக்கை. பேக்கிங்குக்கு வாங்கும் காசு ஜிஎஸ்டியில் பொருளின் மதிப்போடு சேரும், அதைத் தனியாக எழுதினாலும் வரிக்கு வெளியே போகாது. வெவ்வேறு வரி விகிதமுள்ள, ஒன்றோடொன்று இயல்பாகச் சேராத பொருட்களை ஒரே விலைக்கு விற்றால், அது ‘கலப்பு வழங்கல்’ ஆகி, உள்ளே இருப்பதில் எதற்கு விகிதம் அதிகமோ அது முழுத் தொகைக்கும் விழும். சாக்லேட், பழச்சாறு, உலர்பழம் என்று ஹாம்பர் போடுகிறவர்கள் ஆடிட்டரைக் கேட்காமல் விலை வைக்காதீர்கள்.

வாழ்த்து அட்டை

எந்த வழியை எடுத்தாலும் அட்டையில் சறுக்கினால் எல்லாம் போச்சு. எங்களுக்கு நடந்தது. ஒரே நாளில் இரண்டு பார்சல், ஒன்று ஒரு வயதுக் குழந்தைக்கு, இன்னொன்று அறுபதாம் கல்யாணத் தம்பதிக்குப் பேரப்பிள்ளைகள் அனுப்பியது. அட்டை மாறிவிட்டது. இரண்டு வீட்டிலும் தனித்தனியாக மன்னிப்புக் கேட்டு, புது அட்டையை ஸ்பீட் போஸ்டில் அனுப்பினோம். அந்தப் பேரன் கோபப்படவில்லை, “தாத்தா ரெண்டு நாளா யோசிச்சிட்டிருந்தார்” என்று மட்டும் சொன்னார். அதுவே தைத்தது. அன்றிலிருந்து அட்டையின் பின்புறம் பென்சிலில் ஆர்டர் எண். அட்டையை எழுதுகிறவரும் பெட்டியை மூடுகிறவரும் வேறு வேறு ஆள்.

செய்தி 150 எழுத்துக்குள். வாங்குகிறவர் தட்டச்சு செய்ததை அப்படியே பார்த்துக் கையால் எழுதுகிறோம். பெயரில் ‘ழ’வா ‘ள’வா என்று ஐயம் வந்தால் கேட்டுவிடுகிறோம். ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதி அனுப்பினால், தமிழில் எழுதலாமா என்று கேட்போம். பெரும்பாலும் சரி என்பார்கள். இந்த அட்டையைப் பை வாங்காதவர்களுக்கும் இலவசமாக வைக்கிறோம். நாலு ரூபாயில் இதைவிட மதிப்புள்ள வேறு எதையும் ஒரு கடை தர முடியாது என்று நம்புகிறேன்.

சிலர் “உள்ள ஒரு கவர்ல 501 ரூபாய் வச்சிடுங்க, ஜிபே பண்ணிடறேன்” என்பார்கள். மொய் வைத்துக் கொடுக்கும் பழக்கம், புரிகிறது. கூரியரில் ரொக்கம் அனுப்பக்கூடாது, ஆகவே பணிவாக மறுத்துவிடுகிறோம்.

பரிசு பெற்றவர் பொருள் உடைந்து வந்தால் கொடுத்தவரிடம் சொல்லமாட்டார். மனம் நோகுமே என்று பேசாமல் இருந்துவிடுவார். ஆகவே அட்டையின் கீழே எங்கள் எண்ணைப் போட்டு, ‘ஏதேனும் உடைந்திருந்தால் எங்களிடம் சொல்லுங்கள், மாற்றித் தருகிறோம், அனுப்பியவருக்குத் தெரிவிக்க மாட்டோம்’ என்று எழுதியிருக்கிறோம். கைப்பிடி உடைந்த குடங்கள் சில அப்படித்தான் எங்களுக்குத் தெரியவந்தன.

எதிர்ப்பக்கமும் யோசித்துப் பாருங்கள். கிஃப்ட் பேக்குக்குக் காசு கொடுத்தவர் அதைக் கண்ணால் பார்ப்பதே இல்லை. பெட்டியை மூடும் முன் ஒரு படம் எடுத்து அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவது அரை நிமிட வேலை. அட்டை மாறியிருந்தாலும் அங்கேயே பிடிபட்டுவிடும்.

இப்போது எங்கள் கடைப் பக்கத்தில் ஒரே ஒரு கட்டம்தான் இருக்கிறது. அதில் எழுதியிருப்பது இது: “மஞ்சள் சுருக்குப் பையில் வைத்து அனுப்ப ரூ.60. கையெழுத்து வாழ்த்து அட்டை எல்லா ஆர்டருக்கும் இலவசம். பில் உங்களுக்கு மட்டும் வரும். மூடும் முன் படம் அனுப்புவோம். நவராத்திரி, தீபாவளிக்கு முந்தைய ஐந்து நாட்களில் இந்த வசதி இருக்காது.” அந்தக் கடைசி வரியை எழுத வேண்டாம் என்று நான் சொன்னேன். தங்கை எழுதியே ஆகவேண்டும் என்றாள். சென்ற தீபாவளிக்கு முதல் முறையாக நாங்கள் இரவு ஒன்பது மணிக்கு முன்னறை விளக்கை அணைத்தோம்.